பர்செலின் மேடை இசை குறைப்பட்ட ஓபரா அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் மேலை இசை நாடகங்களைப் பற்றி வெளியான தொடர்க் கட்டுரை, இங்கிலாந்தின் ஓபரா வரலாற்றை 1711-இல் அரங்கேறிய ஹேண்டலின் ‘ரினால்டோ’வில் தொடங்கி, அதற்கு முந்தைய ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செலின் மேடைப் படைப்புகளைப் பாதிக் கிணறு தாண்டிய முயற்சிகளாகக் கருதுகிறது. ‘ரினால்டோ’ லண்டனில் அரங்கேறியதே தவிர, பாடப்பட்டது இத்தாலிய மொழியில். இயற்றியவரும் முந்தைய ஆண்டுதான் அந்நகருக்கு முதன்முதலாக வந்த ஜெர்மானியர். அது நிற்க, பர்செலைப் பற்றிய கருத்துக்குச் சற்று விரிவாகவே மறுப்புச் சொல்ல வேண்டியுள்ளது.

பர்செல் இசையமைத்தவற்றுள், கவிஞர் டிரைடன் எழுதிய ‘கிங் ஆர்தர்’ (1691), ஷேக்ஸ்பியர் நாடகமொன்றைத் தழுவிய ‘தி ஃபேரி குவீன்’ (1692) ஆகியவற்றில் முதன்மைப் பாத்திரங்கள் பாடுவதில்லை, பேசுகின்றன. பாட்டெல்லாம் தேவதைகள், ஆவிகள், மேய்ப்பர்கள் போன்றோருக்கே உரியது. செமி-ஓபரா எனப்படும் இவ்வடிவம் அன்றைய லண்டன் ரசிகர்களின் விருப்பத்தை அறிந்து உருவானது. ஓயாமல் பாடிக்கொண்டே இருப்பதை ஆங்கிலேயர் விரும்பமாட்டார்கள் என்று அக்காலப் பத்திரிகையாளர் பீட்டர் மோட்டோ 1692-இலேயே எழுதினார். எனவே, மனிதர் பேசும் உலகத்துக்குள் மாயம் நுழையும் இடங்களில்தான் இசையும் நுழைந்தது. ‘கிங் ஆர்தர்’ நாடகத்தில் காமதேவன் கியூபிட் பனியின் தெய்வத்தைத் துயிலெழுப்பும் காட்சியில், குரலும் நரம்புக் கருவிகளும் ஒரே சுரத்தை நடுங்க நடுங்க ஒலித்து மெல்ல மேலேறும்போது, கேட்பவருக்கே குளிரெடுக்கும். பேச்சு நாடகத்தின் நடுவே வருவதால்தான் அக்காட்சிக்கு இத்தனை வலிமை என்பது என் கருத்து.

முழுதும் பாடப்படும் நாடகத்தை இயற்ற பர்செலுக்குத் தெரியாதா என்றால், 1689-க்குள் லண்டனை அடுத்த செல்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நடிக்கப்பட்ட ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ போதிய விடையாகும். அதன் இறுதியில், காதலன் ஈனியஸைப் பிரிந்து உயிர்விடும் அரசி டைடோ பாடும் புலம்பலுக்கு அடியில், அரைச் சுரமாக இறங்கும் ஐந்து தாளப் பகுதிகள் (bars) கொண்ட ஒரு சுர வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. பாடகியின் வரிகளோ அது முடியும் இடத்தில் முடியாமல் அதைத் தாண்டிச் செல்கின்றன. மாற்ற முடியாத விதியும் அதற்கு அடங்க மறுக்கும் துயரமும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

பர்செல் 1695 நவம்பரில், சுமார் 36 வயதிலேயே இறந்தார். ‘தி ஃபேரி குவீன்’ நாடகத்தின் இசைக்குறிப்புப் பிரதி அதன்பின் தொலைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் கிடைத்தது. நடிகர் குழு, பாடகர் குழு இரண்டையும் ஒருங்கே திரட்டும் செலவுக்கு அஞ்சி, இன்றும் பலர் வசனத்தை நீக்கிப் பாடல்களை மட்டும் நிகழ்த்துகிறார்கள். அவ்வாறு கேட்பவருக்கு இவை துண்டு துண்டாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இத்தொடரின் அடுத்த பகுதிகளில், ‘டைடோ’வுக்கும் முன்பே இரண்டாம் சார்லஸ் அரசவையில் நிகழ்த்தப்பட்ட, இசையமைப்பாளர் ஜான் பிளோவின் ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’ பற்றியும் எழுதச் செய்யுமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்