டர்போ கிட்டு மாட்டுற அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல்னு நம்ம பக்கம் கார் டியூனிங் கராஜ் வெச்சு நடத்துற அண்ணன்மாரு, தம்பிமாரு அத்தனை பேருக்கும் இந்த மடல். நான் கோயமுத்தூர் கணபதி பக்கம் லேத்து பட்டறை வெச்சிருக்கறவன். சிலிண்டர் போர் அடிக்கறது, ஹோனிங், ஹெட்டு ஃபேசிங், கிராங்க் கிரைண்டிங், இதுதான் நம்ம சோலி. நீங்க டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி, காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளற சாமான்) மாட்டி தாட்டி விடுற வண்டி நல்லா ஓடுனா இன்ஸ்டாகிராமுக்கு போகுது, ஒடைஞ்சா என்ற மேசைக்கு வருது. யாரு பேரையும் இங்க இழுக்கப்போறதில்லைங்க, சண்டை போடவும் எழுதலை. ஒரே ஒரு கோரிக்கை: கிட்டு மாட்டுறதுக்கு காசு வாங்குறதுக்கு முன்னாடி, எந்த பெட்ரோல், எத்தனை பூஸ்ட் (டர்போ எச்சா குடுக்கற காத்தழுத்தம்), இன்ஜின் இப்ப என்ன நெலமையில இருக்குது, சட்டம் என்ன சொல்லுதுன்னு காயிதத்துல எழுதி கஸ்டமர் கையில குடுங்க. அது ஏன்னு சொல்லத்தான் இம்புட்டு நீளமா எழுதறேன்.

முன்னெல்லாம் போலோ, ஆக்டேவியா மாதிரி ஃபேக்டரியிலயே டர்போ இருக்கற வண்டிக்கு ஈசியு மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற எரிபொருள், ஸ்பார்க் கணக்கு) மாத்தறதோட வேலை முடிஞ்சுது. இப்ப டர்போவே இல்லாத ஸ்போர்ட்ஸ் காருக்கு ட்வின் டர்போ கிட்டு வரவழைச்சு மாட்டோணும்னு ஒரு கூட்டம் கெளம்பியிருக்குது. நிசான் 370இசட் மாதிரி வண்டிய எடுத்துக்கோங்க. 3.7 லிட்டர் வி6, கம்ப்ரெஷன் 11க்கு 1 (சிலிண்டர்ல கலவைய பதினொண்ணுல ஒரு பங்கா அமுக்கறது), கம்பெனியில இருந்து வர்றப்பவே சுமாரா 330 குதிரை. ரெண்டு பக்கம் மூணு மூணு சிலிண்டர் இருக்கறதால பக்கத்துக்கு ஒரு சின்ன டர்போ வெச்சா எக்ஸாஸ்ட் போற தூரம் கொறையும், சின்ன சக்கரம் சீக்கிரம் சுத்தும், லேக் (மிதிச்சதுக்கும் பூஸ்ட் வர்றதுக்கும் நடுவுல ஆகற தாமசம்) கம்மி. ரோசனை அருமையானதுதான், நான் அதுக்கு எதிரி இல்லை. நல்லா பண்ணுன டர்போ வண்டி விசில் அடிச்சுட்டு கெளம்பறத கேட்டா எனக்கும் கால் துறுதுறுங்கும்.

ஆனா அந்த கிட்டு பெரும்பாலும் அமெரிக்காவுல இருந்து வருது, கூட வர்ற புத்தகமும் மேப்பும் அந்த ஊரு பெட்ரோலுக்கு எழுதுனது. அங்கதான் மொத கோளாறு. புத்தகத்துல 91 ஆக்டேன் (பெட்ரோல் தானா வெடிக்காம தாங்கற அளவு) போடுன்னு இருக்கும், நம்மாளு பங்க்ல போய் சாதா பெட்ரோல் 91 தானேன்னு ஃபுல் டேங்க் அடிச்சுட்டு வந்துருவாரு. அண்ணா, அவங்க பம்புல ஒட்டியிருக்கற நம்பர் ஆர்ஓஎன், எம்ஓஎன்னு ரெண்டு விதமா அளந்து அதோட சராசரி. நம்மூர்ல சொல்றது ஆர்ஓஎன் மட்டும். அவங்க 91னா நம்ம கணக்குல 95, 96 வரும். நம்ம பங்க்ல ரொம்ப நாளா ஊத்துன சாதா 91, அவங்க ஊர்ல இருக்கறதுலயே மட்டமான 87க்குத்தான் சமானம். 11க்கு 1 கம்ப்ரெஷன் இருக்கற இன்ஜின்ல மேல பூஸ்டும் குடுத்து இந்த நம்பரை தப்பா படிச்சா என்ன ஆகும்? ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்ததுக்கப்பறம் எத்தனால் ஆக்டேனை கொஞ்சம் தூக்கிவிடுதுங்கறது நெசம், ஆனா அது கூட்டிட்டு வர்ற இன்னொரு சங்கதி இருக்குது. எத்தனாலுக்கு அதே காத்துக்கு எச்சா எரிபொருள் வேணும். சுத்த பெட்ரோலுக்கு காத்து 14.7 பங்குன்னா ஈ20க்கு 13.5 கிட்ட. அமெரிக்காக்காரன் மேப் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கற ஈ10ஐ வெச்சு எழுதுனது. அதை அப்படியே நம்மூரு ஈ20ல ஓட்டுனா ஃபுல் பூஸ்ட்ல நாலஞ்சு சதவீதம் லீனா, அதாவது எரிபொருள் பத்தாம போகும், இன்ஜெக்டரு ஏற்கனவே முக்கிட்டு இருக்கறப்ப இந்த நாலஞ்சு சதவீதம்தான் பிஸ்டனை உருக்குது.

எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜனை அளக்கற லாம்டா சென்சாரு சரி பண்ணிக்கும்னு சிலபேரு சொல்றாங்க. மெதுவா போறப்ப பண்ணும், ஃபுல் த்ராட்டில்ல பல ஈசியு சென்சார் சொல்றத கேக்காம டேபிள்ல இருக்கற நம்பரைத்தான் பாக்கும். அதுக்குத்தான் காத்து எரிபொருள் அளவை துல்லியமா காட்டற வைட்பேண்ட் சென்சாரு மாட்டி லாகு எடுக்கச் சொல்றது.

அடுத்தது சூடு. கடல் மட்டத்துல காத்தோட அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 7 பிஎஸ்ஐ பூஸ்ட்னா ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தம். வெளிய 38 டிகிரி இருக்குது, டர்போ கம்ப்ரெஸரு 70 சதவீதம் எஃபிஷியன்ஸியில ஓடுதுன்னு வெச்சு கணக்கு போட்டா காத்து 90 டிகிரியில வெளிய வருது. பூஸ்டை 14.7க்கு ஏத்துனா 135 கிட்ட போகும். கோயமுத்தூர்ல பாலக்காட்டு கணவாய் காத்து நம்மள கொஞ்சம் காப்பாத்தி விடுது, ஈரோட்லயும் கரூர்லயும் ஏப்ரல், மே மாசத்துல வெளியவே 40 தாண்டிருது. அப்ப டர்போவுல இருந்து வர்ற காத்தை ஆத்தற இன்டர்கூலரு சைஸு, அதுக்கு காத்து எந்த வழியா வருது, பம்பர் பின்னாடி போன காத்து ரேடியேட்டருக்கு வந்து சேருதா, ஏசி போட்டுட்டு டிராஃபிக்ல நின்னா என்ன ஆகுது, இதெல்லாம் பாக்காம ஜனவரி மாசம் ராத்திரி 10 மணிக்கு எல் அண்டு டி பைபாஸ்ல ஒரு ஓட்டம் ஓட்டிப்பாத்துட்டு டியூன் முடிஞ்சுதுன்னு சொல்றது நாயமா? (ரோட்டுல ஓட்டி டியூன் பண்றதே தப்பு, அது வேற கதை.)

என்ற மேசைக்கு வர்ற பிஸ்டனை பாத்தாலே என்ன நடந்துச்சுன்னு சொல்லிப்போடலாமுங்க. ரிங்கு உக்கார்ற மேடு ஒடைஞ்சு, ஓரமெல்லாம் மணல் அடிச்ச மாதிரி பொடிப்பொடியா கொத்தியிருந்தா அது நாக்கிங். பிளக் பத்தவெச்ச தீ பரவறதுக்குள்ள மிச்ச கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிச்ச வேலை. நடுவுல ஓட்டை விழுந்து அலுமினியம் உருகியிருந்தா ப்ரீ இக்னிஷன், தப்பான ஹீட் ரேஞ்ச் பிளக்கோ, சூடேறி கனன்ற கரியோ முன்னாடியே பத்த வெச்சிருக்கும். ரிங்கு ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு முட்டி பளபளன்னு இருந்தா கேப் பத்தலை. டர்போ இன்ஜின்ல சூடு எச்சு, ரிங்கு நீளும், அதனால சாதா இன்ஜினுக்கு விடறதை விட கேப் கொஞ்சம் எச்சா விடோணும். இந்த கடைசி ரகம்தான் வெகுவா வருது, அதுவும் "ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டும் ஒடைஞ்சுபோச்சு, பிஸ்டன் டூப்ளிகேட்டு"ங்கற புகாரோட வருது.

அதை பத்தி ஒண்ணு கேட்டுக்கறேன். பிளாக்கை மட்டும் அனுப்பி "0.5 எம்எம் ஓவர்சைஸ் அடிச்சு வைங்ண்ணா, பிஸ்டன் அடுத்த வாரம் வந்துரும்"னு போன்ல சொல்லாதீங்க. பிஸ்டன் என்ற கையில இருந்தாத்தான் ஒவ்வொன்னையும் மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து அதுக்கு தக்கன போர் விடமுடியும். 2618ங்கற அலுமினிய அலாய்ல அடிச்ச பிஸ்டன் சூட்டுல எச்சா விரியும், கிளியரன்ஸ் எச்சா வேணும், வெடியால ஸ்டார்ட் பண்ணுனா கொஞ்ச நேரம் தட்டும். 4032 அப்படி இல்லை, நெருக்கமா விடலாம். எந்த அலாய்னே சொல்லாம வேலை குடுத்தா நான் என்ன ஜோசியமா பாக்கறது? ஹோனிங்குக்கு டார்க் பிளேட்டு (ஹெட்டு மாட்டுன மாதிரியே பிளாக்கை இறுக்கற தட்டு) மாட்டோணும்னா கூட ஒரு நாளு ஆகும், அந்த நாளை குடுங்க. ஹெட்டு போல்ட்டு இறுக்கறப்ப போர் வளையறது கண்ணுக்கு தெரியாது, ரிங்குக்கு தெரியும்.

இப்ப ஆயில் சங்கதி. இதுல நல்ல டர்போவ குப்பைன்னு சொல்லி கழட்டி போடறது நெறைய நடக்குது. டர்போ ஷாஃப்ட்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல போகும், ஆயில் படலத்து மேலதான் அது மிதக்குது. ஆயில் உள்ள போறது பம்ப் அழுத்தத்துல, திரும்பி வர்றது வெறும் இறக்கத்துல, அதுவும் நுரைச்சுப்போய் வரும். அதனால ரிட்டன் பைப்பு தடியா இருக்கோணும், மடிப்பு இருக்கக்கூடாது, எங்கயும் மேடு ஏறக்கூடாது, சம்ப்ல ஆயில் மட்டத்துக்கு மேல போய் சேரோணும். டர்போ ரொம்ப கீழ உக்கார்ற கிட்டுன்னா ஆயிலை இழுத்து மேல அனுப்ப ஸ்காவெஞ்ச் பம்ப் இல்லாம முடியவே முடியாது. ரிட்டன் சரியில்லைன்னா ஆயில் தேங்கி சீல் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்கு போகும், நீலப்புகை வரும். உடனே கஸ்டமர்கிட்ட "டர்போ போச்சு, பெரிய டர்போ போட்டுக்கலாம், அப்கிரேடு"ன்னு சொல்லி இன்னொரு பில்லு. பெரிய டர்போவும் ரெண்டு மாசத்துல அதே பைப்புல அதே புகைய விடுது.

ஓட்டி முடிச்சதும் உடனே ஆஃப் பண்ணக்கூடாதுன்னு கஸ்டமருக்கு யாராவது சொல்றீங்களா? திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிக்காரரையோ நாமக்கல் லாரி டிரைவரையோ கேளுங்க, சுமை இழுத்துட்டு வந்தா கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டுத்தான் சாவிய எடுப்பாரு. சூட்டோட நிறுத்துனா டர்போக்குள்ள நின்னுபோன ஆயில் கருகி கட்டியாகும்னு அவருக்கு தெரியுது. ஒன்னரை கோடிக்கு வண்டி வெச்சிருக்கற பையனுக்கு தெரியலை, அது அவன் தப்பில்லை.

பூஸ்ட் ஏத்தற கதையும் சொல்லிப்போடறேன். மொதல்ல 7ல ஓடும், பையனுக்கு பழகிரும், அப்பறம் இன்னுங் கொஞ்சம்பான். நீங்க பூஸ்ட் கண்ட்ரோலரை திருப்பி 10 ஆக்குவீங்க. இன்ஜெக்டர் டியூட்டி (அது தொறந்திருக்கற நேரம்) 85 சதவீதத்தை தாண்டுதா, வேகம் ஏறுனா பெட்ரோல் பம்ப் அழுத்தம் விழுதா, கிளட்ச் நழுவுதா, பிரேக்கு இன்னும் கம்பெனி பிரேக்குதானா, எதுவும் பாக்கறதில்லை. கம்ப்ரெஷன் 11க்கு 1லயே விட்டுட்டு 10, 12 பிஎஸ்ஐக்கு போறதுக்கு பதிலா இன்ஜினை எறக்கி 9 கிட்ட கம்ப்ரெஷன் வர்ற பிஸ்டன், நல்ல கனெக்டிங் ராடு, ஹெட் ஸ்டட்டு போட்டு மேல போறதுதான் மொறை. செலவு கிட்டு விலைக்கு சமமா வரும்னு மொத நாளே சொல்லிருங்க. சொன்னா கஸ்டமர் ஓடிருவான்னு பயப்படறீங்க. ஓடட்டும்.

சட்டத்தை பத்தி சுருக்கமா. மோட்டார் வாகன சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில இருக்கற விவரம் கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா போற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ போட்டு, அனுமதியில்லாம மாத்துன ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா மாத்துன ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ரெண்டும்னு வெச்சுட்டாங்க. கவனிங்க, ஓனருக்கு. மாட்டி விட்ட நீங்க போட்டோ போட்டுட்டு போயிருவீங்க, ரோட்டுல புடிபடறதும் ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிக்கறப்ப நிக்கறதும் அந்த பையன்.

இந்த சட்டம் சரியான்னு கேட்டா எனக்கு மனத்தாங்கல் இருக்குது. அதே பிரிவு 52லயே சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரின்னு எரிபொருள் மாத்தற கிட்டுக்கு வழி இருக்குது, டைப் அப்ரூவல் வாங்குன கிட்டை முறையா மாட்டி ஆர்சியில ஏத்திக்கலாம். ஜெர்மனியில டிஊவி மாதிரி சோதனைக்காரங்க மாத்துன வண்டிய பாத்து, பிரேக்கு புகை எல்லாம் சரின்னா பேப்பர்ல ஏத்தி குடுக்கறாங்க. கலிஃபோர்னியாவுல புகை சோதனையில தேறுன கிட்டுக்கு ஒரு உத்தரவு நம்பர் குடுப்பாங்க, அந்த ஸ்டிக்கரு பானட்டுக்கு அடியில இருந்தா மாட்டிக்கலாம். நமக்கும் அப்படி ஒரு வழி வேணும்னு டெல்லிக்கு எழுதலாம், நானும் கையெழுத்து போடறேன். ஆனா எழுதறப்ப நம்ம கையில என்ன இருக்குது? எந்த கராஜ்லயாவது பத்து வண்டிக்கு முன்னாடி பின்னாடி எடுத்த கம்ப்ரெஷன் ரீடிங்கு, பவர் அளந்த டைனோ ஷீட்டு, புகை அளவு முச்சூடும் ஒரு ஃபைல்ல இருக்குதா?

வழி வர்ற வரைக்கும் எடம் இல்லாம இல்லை. செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது, 2003ல திறந்தது. மாருதி இன்ஜினை வெச்சு இந்த ஊர்லயே ரேஸ் கார் கட்டுன கரிவரதன் பேர்ல இருக்கற ட்ராக். நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன்னுக்கு போனதும் இதே கோயமுத்தூர்ல இருந்துதான். டர்போ மாட்டுன வண்டிய டிரெய்லர்ல ஏத்தி ட்ராக்குக்கு கொண்டுபோ, அவிநாசி ரோட்டுல வேண்டாம்னு கஸ்டமர்கிட்ட சொல்லி, அதையும் அந்த காயிதத்துல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க.

காயிதத்துல என்னென்ன இருக்கோணும்னு கேட்டா பெருசா ஒண்ணுமில்லைங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷனும் லீக் டவுனும் (சிலிண்டர்ல காத்து எவ்வளவு கசியுதுங்கறது). எந்த பெட்ரோலுக்கு டியூன் பண்ணுனது, வேற போட்டா பூஸ்ட் எவ்வளவு கொறைக்கோணும். உச்ச பூஸ்ட், அப்ப காத்து எரிபொருள் அளவு, இன்டேக் சூடு. ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தறது. யாரு டியூன் பண்ணுனது, என்னிக்கு. அவ்வளவுதான். இன்ஜின் என்கிட்ட வர்றப்ப அந்த காயிதமும் கூட வந்தா, ஏன் ஒடைஞ்சுதுன்னு நான் அரை மணி நேரத்துல சொல்லிருவேன், உங்களுக்கும் கஸ்டமருக்கும் நடுவுல வாய்த்தகராறு இருக்காது.

பிஸ்டன் அளந்து குடுக்கறதுக்கு, ரிங்கு கேப் பாக்கறதுக்கு நான் தனியா காசு வாங்கறதில்லை. போன் பண்ணிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை பட்டறை லீவுங்க.