குளித்தது குழாயா?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. புனே வீட்டுக்காரருக்கு அனுப்புமுன் பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய இங்கிலீஷ் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. 'வைல் பாத்திங், தி பைப் புரோக்' என்று எழுதியிருக்கிறாய். நீ குளிக்கும்போது குழாய் உடைந்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கிலீஷ் கணக்குப்படி குளித்தது குழாய்.

28 வருஷம் பள்ளிக்கூடத்தில் இதே தப்பைச் சிவப்பு மையால் சுழித்தவள் நான். தெரியாமல் செய்கிற தப்பு இல்லை இது, தமிழ்க் காது செய்கிற வேலை. நேற்றுக் காலையில் உன் அப்பாவிடம், "பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு" என்றேன். பொங்கியது பால், அணைந்தது அடுப்பு. அவர் குழம்பவில்லை, கரித்துணியை எடுத்துக்கொண்டு வந்தார். 'செய்து' என்கிற எச்சமும் அது போய் முடிகிற வினையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. ஆனாலும் 'மழை பெய்து நெல் விளைந்தது' என்று ஊரே பேசுகிறதே! 'பெய்ய' என்பதுதான் அங்கே 'பெய்து' என்று திரிந்து நிற்கிறது என்று சொல்லி இலக்கணக்காரர்களும் வழிவிட்டுவிட்டார்கள். 'குளிக்கும்போது' என்பதற்கோ அந்தக் கெடுபிடியே கிடையாது. யார் குளித்தாலும், எது உடைந்தாலும் சரி.

இங்கிலீஷில் அப்படி இல்லை. கமாவைத் தாண்டியதும் முதலில் நிற்கிற பெயரின் தலையில் அந்த வேலை விழும். ஒன்று, அங்கே 'ஐ' வர வேண்டும். இல்லையென்றால் முன்பாதியிலேயே 'வைல் ஐ வாஸ் பாத்திங்' என்று ஆளைச் சொல்லிவிட வேண்டும். உனக்கு இரண்டாவதுதான் தோது.

பெரியவர்களும் வழுக்கிய இடம்தான் இது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் செத்துப்போன ராஜாவின் ஆவி மகனிடம் வந்து, 'ஸ்லீப்பிங் இன் மை ஆர்ச்சர்ட், எ சர்ப்பென்ட் ஸ்டங் மீ' என்று ஊரில் கதை கட்டியிருக்கிறார்கள் என்கிறது. தோட்டத்தில் தூங்கியது ராஜா. வாக்கியத்தைப் பார்த்தால் பாம்பு! சரி, ஆவிக்கு விடிவதற்குள் போயாக வேண்டிய அவசரம். உனக்கென்ன? 'கன்சிடரிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' மாதிரி சிலது மட்டும் ஆள் இல்லாமலே திரிய உரிமை வாங்கிவிட்டன. அவற்றைக் கண்டுகொள்ளாதே.

இன்னொன்று. வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஹேவிங்' போட்டுத் தொடங்குகிறாய். 'ஹேவிங் பெய்ட் தி ரென்ட்', 'ஹேவிங் இன்ஃபார்ம்ட் யூ'... கோர்ட்டு மனு மாதிரி இருக்கிறது. சாதாரணப் பேச்சில் இங்கிலீஷ்காரர்கள் இந்த மாதிரி 'இங்' தொடரை முன்னால் வைப்பது குறைவு, பின்னால்தான் ஒட்டுவார்கள். 'ஐ ஸ்பென்ட் தி மார்னிங் மாப்பிங் தி ஃப்ளோர்' என்று எழுதிப் பார். காலை முழுக்கத் தரையைத் துடைத்தே போனது என்பது அதில் வந்துவிடும். பெயரை ஒட்டியும் வரும். 'தி வாட்டர் லீக்கிங் இன்டு தி ஹால்' என்று எழுதியிருக்கிறாயே, அது. 'ஹாலுக்குள் ஒழுகுகிற தண்ணீர்' என்று நாம் தண்ணீருக்கு முன்னால் வைப்பதை அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். அந்த ஒரு வரியைச் சுத்தமாக எழுதியிருக்கிறாய். பக்கத்தில் டிக் போட்டேன், பழைய பழக்கம்.

குழாய் வரியைத் திருத்தி இன்றைக்கே அனுப்பிவிடு. பிளம்பர் வருகிறவரை மெயின் வால்வை மூடி வை. அதற்கு முன்னால் ரெண்டு வாளி தண்ணீர் பிடித்துக்கொள். அந்தக் கடிதத்தில் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லையே, மறந்துவிட்டாயா, கூச்சமா?

அன்புடன்,
அம்மா