மூலப்பத்திரம் எங்கே, மாப்பிள்ளை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் ஞாயிறு பதிப்பில் நீலக் கடலும் வெள்ளைக் கட்டடங்களுமாக முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்திருந்தது. வடக்கு சைப்ரஸில் விடுமுறை வீடு, தவணை வசதி, வாடகை வருமானம் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியவன் துபாயில் வேலை பார்க்கும் என் தங்கை மகன். திருவிடைமருதூர் பக்கம் அவன் அப்பா வழியில் வந்த ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நஞ்சையை விற்று, அந்தப் பணத்தில் அங்கே ஒரு பிளாட் வாங்கப் போகிறானாம். டோக்கன் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. "மாமா, எல்லாம் சரி, பத்திரத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துடுங்க" என்றான்.

நான் கும்பகோணத்தில் முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதியவன். செல்போனில் வந்த நகலை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். துருக்கி மொழி. எழுத்து புரியாவிட்டாலும் கண் பழக்கத்தில் இரண்டு விஷயத்தைத் தேடும்: யார் விற்கிறார், அவருக்கு அது எப்படி வந்தது. முதலாவது இருந்தது. இரண்டாவதை, அதாவது மூலப்பத்திர விவரத்தைக் காணோம்.

பேரனை உட்காரவைத்து ஒரு வாரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 1974 ஜூலையில், மத்தியதரைக் கடலில் இருக்கும் அந்த சைப்ரஸ் தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தாம் நாளே துருக்கிப் படை வந்து இறங்கியது. ஆகஸ்டுக்குள் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதன் கையில். வடக்கே இருந்த கிரேக்க சைப்ரஸ்காரர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டுத் தெற்கே ஓடினார்கள். தெற்கே இருந்த துருக்கிய சைப்ரஸ்காரர்களும் பல்லாயிரம் பேர் வடக்கே வந்தார்கள். இழப்பு இரண்டு பக்கமும்தான், அதை மறைக்கக் கூடாது. அப்போது அங்கே ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைவராக இருந்தவர் நம் நாட்டு ஜெனரல் பிரேம்சந்த். அவருக்கு முன்பு அதே பொறுப்பில் இருந்த ஜெனரல் திம்மையா 1965-இல் அந்த ஊரிலேயே காலமானார். நமக்குச் சம்பந்தமே இல்லாத ஊர் என்று சொல்லிவிட முடியாது.

வடக்குப் பகுதி 1983-இல் தன்னைத் தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை, இந்தியாவும்தான். அங்குள்ள அரசு, விட்டுப்போனவர்களின் நிலத்தைத் தெற்கே நிலம் இழந்து வந்தவர்களுக்கு ஈடாகவும், துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஒதுக்கீடாகவும் கொடுத்துப் பத்திரம் போட்டது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருக்கும். அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் போய்க் கேட்டால் சரியான பத்திரம் என்றுதான் சொல்வார்கள். வரைபடத்தின் கோட்டைத் தாண்டித் தெற்கே வந்தால் அதே நிலத்துக்கு இன்னொரு பதிவேடு இருக்கிறது. அதில் 1974-க்கு முந்தைய சொந்தக்காரர் பெயர்தான் இன்றைக்கும்.

மருமகன் விடுவானா? "அம்பது வருஷம் ஆச்சே மாமா, பன்னிரண்டு வருஷ அனுபவம் இருந்தாலே சொந்தமாயிடாதா?" என்றான். டெல்டாவில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது? நம்மூர்க் கோயில் நிலத்திலேயே அந்தக் கணக்கு செல்லாது. மூன்று தலைமுறை குடியிருந்தவர்கள் கட்டிய மாடி வீட்டுக்குக் கிரையம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் எத்தனை பேர் வந்திருப்பார்கள்! சர்வே நம்பரைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். ஓராம்ஸ் என்ற ஆங்கிலேயத் தம்பதி வடக்கே லப்பித்தோஸ் கிராமத்தில் நிலம் வாங்கி, நீச்சல் குளத்தோடு வீடு கட்டினார்கள். 2003-இல் எல்லைக் கோட்டைக் கடக்க அனுமதி கிடைத்ததும், நிலத்தின் பழைய சொந்தக்காரர் வழக்குப் போட்டார். வீட்டை இடித்து நிலத்தை ஒப்படையுங்கள், நஷ்ட ஈடும் கொடுங்கள் என்று 2004-இல் தெற்கேயுள்ள சைப்ரஸ் அரசின் நிக்கோசியா நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இங்கிலாந்திலும் அந்தத் தீர்ப்பு செல்லும் என்று 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்ல, 2010-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடைசியில் இங்கிலாந்தில் இருந்த சொத்துக்கே ஆபத்து. இதெல்லாம் உரிமையியல். 2006-இலிருந்து சைப்ரஸ் சட்டத்தில், சொந்தக்காரர் சம்மதமில்லாமல் அடுத்தவர் நிலத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம்; ஏழு வருஷம் வரை சிறை. சில ஆண்டுகளாக அதன்படி கைதும் தண்டனையும் நடக்கின்றன.

விற்பனைக்காரர் இன்னொரு சாமர்த்தியம் செய்கிறார். வடக்கே இருக்கும் நஷ்ட ஈட்டு ஆணையத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2010-இல் ஏற்றுக்கொண்டதாம், அதனால் பயமில்லையாம். ஏற்றுக்கொண்டது உண்மை. பழைய சொந்தக்காரர் முதலில் அங்கே போய்க் கேட்கலாம் என்பதற்காக ஏற்றது. நீங்கள் வாங்குகிற பிளாட்டுக்கு வில்லங்கமில்லை என்று அது எங்கே சொன்னது? 1974-க்கு முன்பே துருக்கிய சைப்ரஸ்காரர் பெயரில் இருந்த நிலமும் வடக்கே உண்டு. அதன் கதை வேறு. இவர் விற்பது அந்த ரகமா என்று கேட்டு, ஜூலை 1974-க்கு முந்தைய உரிமை ஆவணத்தின் நகலை அனுப்பச் சொன்னோம். மறுநாள் பதில் வந்தது: நீச்சல் குளத்தின் போட்டோ மூன்று.

இதை எழுதும்போது ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். 1990-இல் இலங்கை யாழ்ப்பாணப் பக்கம் வலிகாமத்திலிருந்து கிளம்பி வந்தவர். பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் இரண்டு போட்டு ஒரு பத்திரம் வைத்திருந்தார். 'காணி உறுதி' என்றார். பத்திரத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்பதை அன்றுதான் கேட்டேன். மடிப்பில் கிழிந்துவிடும் போலிருந்ததால் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். "இப்ப அங்க ஆமிதான் இருக்கு ஐயா. காணி எங்கட காணிதான்" என்றார். அந்த நிலத்தில் யாராவது பிளாட் கட்டி நம் ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் தாங்கள் போடுவீர்களா? லப்பித்தோஸ்காரர் வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்திருக்கும்.

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்று எனக்கும் தெரியும். அந்த நிலத்தின் உரிமை தகராறில் இருக்கிறது, இந்தியா அங்கீகரிக்காத அரசின் பத்திரம் இது என்று அடியில் ஒரு வரியாவது, படிக்கிற அளவு எழுத்தில், போடச் செய்யுங்கள். வயலை விற்றுவிட்டு வாங்கப் போகிறவர்கள்தான் இதைப் படிக்கிறார்கள்.

மருமகன் இன்னும் மனம் மாறவில்லை. ஆனால் அவனுடைய ஆறு மாவை வாங்க வந்தவர் விவரமானவர். இணையத்தில் கிடைக்கும் 1975 முதலான வில்லங்கச் சான்று போதாது, அதற்கு முந்தையதும் மூலப்பத்திரமும் வேண்டும் என்கிறார். தங்கை வீட்டு டிரங்குப் பெட்டியில் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
கும்பகோணம்.