கனிம வேதியியலுக்கு எந்தப் புத்தகம்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். காலாண்டுத் தாள் திருத்துவதிலேயே எனக்குப் பொழுது போகிறது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஜேஇஇ (ஐஐடி, என்ஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதப்போகிறவனுக்குக் கனிம வேதியியலில் பயிற்சி செய்ய எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைக்குப் போகுமுன், முதல் கட்டமான மெயின் மட்டுமா, ஐஐடி-க்கான அட்வான்ஸ்டும் எழுதுகிறானா என்று கேட்டுக்கொள். 2024 முதல் மெயின் பாடத்திட்டத்தில் ஹைட்ரஜன், எஸ்-தொகுதி (சோடியம், கால்சியம் போன்ற தனிமங்கள்), உலோகவியல் கிடையாது. அட்வான்ஸ்டுக்கு எஸ்-தொகுதியும் உலோகம் பிரித்தெடுப்பதும் வேண்டும். பழைய பதிப்புகளில் எல்லாமே இருக்கும், எதை விடலாம் என்று தெரிந்தால் மிச்ச நேரம் லாபம்.

எல்லோரும் கைகாட்டுவது வி.கே. ஜெய்ஸ்வால் புத்தகத்தை. நல்ல புத்தகம்தான், கேள்விகளை லெவல் லெவலாகப் பிரித்திருக்கும். ஆனால் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தை வரி விடாமல் படித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். ஜே.டி. லீ எழுதிய புத்தகம் பாடம் புரிந்துகொள்ளப் படிப்பது, பயிற்சிக்கென்று வாங்காதே.

வேறு எதையாவது எடுத்தால், கடையில் நின்றபடியே அணைவுச் சேர்மங்களின் (நடுவில் ஓர் உலோகம், அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் ஈனிகள்) விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார். உதாரணத்துக்கு, நிக்கலின் இரண்டு அணைவுகளை எடுத்துக்கொள்; இரண்டிலும் நிக்கல் +2 தான். நான்கு குளோரைடு சேர்ந்தால் நான்முகி வடிவம், பாராகாந்தம் (காந்தம் ஈர்க்கும்). நான்கு சயனைடு சேர்ந்தால் தள சதுரம், டயாகாந்தம் (காந்தம் ஈர்க்காது). சயனைடு வலுவான ஈனி, எலக்ட்ரான்களை இணைசேர்த்துவிடும் என்று ஒரு வரியாவது அங்கே இருக்க வேண்டும். வெறும் 'ஏ, பி, சி' என்று விடை மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வா. பிள்ளைகள் கனிம வேதியியலை மனப்பாடப் பாடம் என்று வெறுப்பதற்கே அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் காரணம் என்பேன். எலக்ட்ரான் நாட்டம், அதாவது ஓர் அணு எலக்ட்ரானைச் சேர்த்துக்கொள்ளும்போது வெளிவரும் ஆற்றல், ஃபுளூரினை விடக் குளோரினுக்கு ஏன் அதிகம்? ஃபுளூரின் அணு ரொம்பச் சின்னது, புதிதாக வரும் எலக்ட்ரானை உள்ளே இருப்பவை நெருக்கித் தள்ளுகின்றன. இப்படி ஒருமுறை புரிந்துவிட்டால் பரீட்சை ஹாலில் தடுமாற மாட்டான்.

ஒரே புத்தகம் போதும், இரண்டாவது வாங்காதே. அப்புறம், அட்வான்ஸ்டின் பழைய வினாத்தாள்கள் அந்தத் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தம்பியையும் கூட்டி வா. தப்பாகப் போட்ட கேள்விகளைக் குறித்துக்கொண்டு வரட்டும், உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
பாஸ்கர்