ரிஸ்க் யார் தலையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கல்விப் பக்கத்தில் ‘ரிஸ்க்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தந்திருந்த விளக்கத்தைப் படித்தேன். பங்குச் சந்தை, கிரிக்கெட், புதுத் தொழில் என்று எடுத்துக்காட்டுகள் எல்லாம் விரும்பி இறங்குபவர்களைப் பற்றியவை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலி, பிரெஞ்சு மொழிகளின் வழியே ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், கடல் வணிகத்தோடும் கப்பல் காப்பீட்டோடும் சேர்ந்து வளர்ந்தது. கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது மனக்குறையாக இருக்கிறது.

காப்பீட்டில் இழப்பை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுதி, அதற்கு விலையும் வைத்துவிடுகிறார்கள். எங்கள் கடற்கரைச் செய்திகளிலோ ‘ரிஸ்க் எடுத்து எல்லை தாண்டிய மீனவர்கள்’ என்பதோடு முடித்துவிடுகிறீர்கள்.

எடுத்தது யார்? என் தம்பி ராமேசுவரத்தில் விசைப்படகுக்குப் பங்கு ஆளாக, அதாவது கூலிக்குப் பதில் வருமானத்தில் பங்கு வாங்குபவனாகப் போகிறவன். படகு அவனுடையது இல்லை. வலையை எங்கே இறக்குவது என்று அவனை யாரும் கேட்பதில்லை. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்துறை அனுமதிச் சீட்டு கொடுக்காது. அன்றைக்கு வருமானமும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையோரக் கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. அது நியாயம்தான். அதைத் தாண்டிச் சில மணி நேரம் ஓடினாலே 1974இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட எல்லைக்கோடு வந்துவிடுகிறது. இடையிலுள்ள ஒடுங்கிய நீரில் அத்தனை படகும் வலை இழுத்தால் மீன் எங்கே இருக்கும்? டீசலும் ஐஸும் கழித்து மிஞ்சினால்தான் பங்கு.

இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் உரிமையாளர் படகை இழக்கிறார். பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் இலங்கைச் சிறையில் கிடப்பவர்கள் ஆட்கள். 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கடுமையாக உயர்த்திவிட்டார்கள். இரண்டாம் முறை சிக்கியவருக்குத் தண்டனையும் கூடுகிறது. குடும்பத்துக்கு நம் அரசு தினசரி உதவித்தொகை தருகிறது; வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட அது போதாது. தம்பி புறப்படும்போது மீனவர் அட்டையையும் ஆதார் நகலையும் பாலித்தீன் உறையில் மடித்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கித் தருகிறார் அம்மா. தண்ணீர் பட்டு எழுத்து அழிந்துவிட்டால் அங்கே இவன் யாரென்று சொல்ல வேறு தாள் இல்லை.

இனி இப்படிச் செய்தி வந்தால், படகு யாருடையது, உள்ளே இருந்தவர்களுக்கு என்ன பங்கு, எத்தனை நாள் வேலையின்றிக் கரையில் இருந்துவிட்டுப் போனார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். உங்கள் செய்தியாளர் துறைமுகத்துக்கு வந்தால் போதும். சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்