உன் பக்கத்தை யாரோ திறக்கிறார்கள்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வாலு,

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை வந்தால் தெருவில் தண்ணீர், மழை நின்றால் குழாயில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் ஊர்ச் சேதி. எலி வந்து போனாள். அதே சிரிப்பு, அதே கைமாத்து.

சைட்டுகளுக்கு சர்வரில் இடம் கொடுக்கிற எங்கள் ஆபீசிலிருந்து உனக்கு மெயில் மேல் மெயில் போயிருக்கிறது, 'தங்கள் இணையதளம் பயன்பாட்டில் உள்ளதா?' என்று. நீ பதில் போடவில்லை. போடவும் மாட்டாய், எல்லாம் உன் பழைய யாகூ முகவரிக்கல்லவா போகிறது! பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த எழுத்துரு மாற்றி! பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழை, போனும் நெட்டும் படிக்கிற யூனிகோடாக மாற்றுமே! கும்பாபிஷேக மலருக்காக விடிய விடிய உட்கார்ந்து தட்டினாயே, வார்டன் மெயினை அணைத்துவிட்டுப் போனாரே, அதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உனக்கு ஓசியில் வாங்கிக் கொடுத்த இடத்தில் இன்னும் குத்தவைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்போது இந்தக் கணக்கெடுப்பு என்றால், பழைய சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்கிற இயங்குதளம். அதற்கு 2024 ஜூன் 30-ஓடு ஆயுள் முடிந்தது, பாதுகாப்பு அப்டேட் எதுவும் வராது. 'ஓடிட்டுதானே இருக்கு' என்று மேனேஜர் காலம் தள்ளினார். இப்போது ஒருவழியாக மனசு வந்து அல்மாலினக்ஸுக்கு மாற்றுகிறோம். அதில் இருக்கும் சைட்டுகளில் பாதி பிஎச்பி 5.6 என்கிற பழைய நிரல்மொழிப் பதிப்பில் நிற்கிறது, அதற்கு 2018 டிசம்பரிலேயே பால் ஊற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றையும் புதுசில் ஓடவைப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் யாரும் தொடாததைக் கழித்துவிடலாம் என்று முடிவு. கழிக்கிற பொறுப்பு யார் தலையில் விடிந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

மேனேஜர் சொன்ன வழியைக் கேள். 'ஒவ்வொண்ணையும் பிங் பண்ணிப் பாரும்மா, பதில் வந்தா உயிரோட இருக்கு.' பிங் என்றால் 'இருக்கியா?' என்று மெஷினின் நெட் முகவரியான ஐபியைத் தட்டிப் பார்ப்பது. அத்தனை சைட்டுக்கும் ஒரே ஐபி அடி! பதில் சொல்வது மெஷின். கீழே வாட்ச்மேன் 'இருக்கேன் சார்' என்று குரல் கொடுத்தால் மூணாவது மாடியில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமா?

சரி, யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் அக்சஸ் லாகைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. சிக்பேட்டை ஜவுளி மொத்த வியாபாரி ஒருவருடைய சைட், நிமிஷத்துக்கு நிமிஷம் வரவு. ஆகா, ஓகோ என்று உள்ளே பார்த்தால் எல்லாம் தானாகத் திரியும் நிரல்கள்: கூகுள்பாட், பிங்பாட், ஏரெஃப்ஸ்பாட், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டிப் பார்க்கும் அப்டைம் ரோபாட். மிச்சமெல்லாம் வேர்ட்பிரஸ் லாகினை உடைக்கப் பார்க்கும் திருட்டுக் கூட்டம். அந்த சைட்டில் வேர்ட்பிரஸ்ஸே கிடையாது! மனுஷ வாடையே இல்லை, கழித்துவிடலாம் என்று போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் எழுதியிருக்கும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பார்த்தேன். மெயில் இங்கேதான் வந்து இறங்குகிறது. ஆர்டர், பில், ஆடிட்டர் சண்டை எல்லாம் அதில்தான். சைட் பிணம், மெயில் உயிர்.

இன்னொன்று ஐயப்ப பூஜை கமிட்டி. லாக் வெறிச்சோடிக் கிடக்கிறது. எங்கள் மெஷினில் லாக் நாலு வாரம்தான் தங்கும், அதற்கு முந்தி நடந்தது அதற்கே தெரியாது. ஆடி மாசத்து லாகைப் பார்த்து ஐயப்ப பக்தர்களைக் கணக்கெடுப்பதா? கார்த்திகை பிறக்கட்டும், நன்கொடை ரசீது கேட்டு வரிசையில் நிற்பார்கள்.

நேரக் கணக்கும் அப்படித்தான். சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு மாற்றினால் யாருக்கும் தொந்தரவில்லையாம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற சைட் ஒன்று இருக்கிறது. நம்ம ராத்திரி ரெண்டு மணி என்பது இப்போது நியூஜெர்சியில் சனிக்கிழமை சாயந்திரம் நாலரை. மாப்பிள்ளை தேட அதைவிடத் தோதான நேரம் உண்டா, சொல்லு.

உன்னுடையதுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு வரி, மிஞ்சினால் ரெண்டு. அதுவும் 304 என்கிற பதில். 'பக்கம் மாறியிருக்கிறதா?' என்று பிரவுசர் கேட்கிறது, 'இல்லை, கையில் இருப்பதையே வைத்துக்கொள்' என்று சர்வர் சொல்லிவிடுகிறது. எக்செலில் போட்டு வரிசைப்படுத்தினால் நீ கடைசி. வேறு யார் கையில் இந்தப் பட்டியல் கிடைத்திருந்தாலும் ஒரே அடியாக அடித்திருப்பார்கள். ஆனால் நீ எழுதியது முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் அல்லவா? பக்கம் ஒருதரம் இறங்கினால் போதும், மாற்றுகிற வேலை பூரா அவர்கள் கம்ப்யூட்டரிலேயே நடந்துவிடும். காலையில் திறந்துவைத்துவிட்டு ராத்திரி வரை மூட்டை மூட்டையாக மாற்றித் தள்ளினாலும் எங்கள் லாகில் ஒரே வரிதான்.

அந்த வரியைத்தான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் ரெஃபரர் இடத்தில் வெறும் கோடு, புக்மார்க் போட்டு வைத்திருக்கிறார் போல. விண்டோஸ் என்டி 6.1, அதாவது விண்டோஸ் 7. குரோம் 109, அந்த விண்டோஸுக்கு வந்த கடைசி குரோம். லாகில் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் நாலரை, ஐந்தரை மணி கூட்டினால் நமக்குக் காலை பத்து. ஞாயிற்றுக்கிழமை லீவு. திறப்பதும் நீ பெருமையடித்துக்கொண்ட பாமினி-யூனிகோடு பக்கம் இல்லை. எலியின் நச்சரிப்பு தாங்காமல் ஒப்புக்கு எழுதினாயே, யூனிகோடிலிருந்து பாமினிக்கு, அந்தத் தலைகீழ்ப் பக்கம்.

இன்றைக்கு யாருக்கடி பாமினி வேண்டும்? பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற டிடிபி கடைக்காரருக்கு. 2001-இல் வந்த 7.0-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பே இல்லை, யூனிகோடு தமிழ் அதற்கு ஏறாது. பார்ட்டி வாட்ஸ்அப்பில் மேட்டர் அனுப்புகிறார், இவர் அதை உன் பக்கத்தில் ஒட்டிப் பாமினியாக்கி பேஜ்மேக்கரில் இறக்குகிறார். ஊகம்தான், ஆனால் சாட்சி வைத்திருக்கிறேன். லாக் போனாலும், வரவைக் கணக்குப் போடும் ஏடபிள்யூஸ்டாட்ஸில் மாதக் கணக்கு வருஷக்கணக்காக இருக்கிறது. உன் சைட் டிசம்பர் கடைசியில் மெல்லக் கண் விழிக்கிறது, ஜனவரி, பிப்ரவரியில் எகிறுகிறது. ஜூலை பாதியில் தொப்பென்று விழுந்து, ஆகஸ்டு முதல் வாரமே, ஆடி முடிவதற்குள், எழுந்துவிடுகிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே அடித்தாக வேண்டுமே. கல்யாணப் பத்திரிகை அடி! அந்த மாதங்களில் வருகிற ஐபிகளைப் பார்த்தால் ஒரு கடை இல்லை, பல கடை.

எங்கள் தொழிலில் குறுக்குவழி ஒன்று உண்டு: அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. மேனேஜருக்கு அதில் ரொம்பப் பிரியம். ஜவுளிக்காரர் கத்துவார், எங்கள் நம்பர் அவரிடம் இருக்கிறது. இந்த மனுஷன் யாரிடம் கத்துவார்? உன் பக்கத்தில் பெயர் இல்லை, முகவரி இல்லை, கீழே 'வாலு வெளியீடு' என்று ஒரு வரி. பக்கம் வரவில்லை என்றால் நெட் போச்சு என்று ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவார். நாளைக்குப் பத்திரிகை வேண்டும் என்று பெண் வீட்டார் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

சைட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பிஎச்பி தொல்லை இல்லாதது, நகலெடுத்து வைத்தால் ஓடும், நான் ஏற்றிவிடுவேன். டொமைன், அதாவது சைட்டின் பெயர்தான் வயிற்றைக் கலக்குகிறது. உன் அண்ணன் மொத்தமாகப் பத்து வருஷத்துக்குக் கட்டினாரே, அது முடியப்போகிறது. நினைவூட்டல் எல்லாம் அந்த யாகூவுக்கே. டாட் காம் காலாவதியானால் பெயரைப் பதிந்துகொடுக்கும் ரெஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் பொறுப்பார். அப்புறம் 30 நாள் மீட்புக் கெடு, அதில் மீட்கப்போனால் கட்டணத்தைத் தீட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் 5 நாள், பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாலு பேர் வந்துபோகிற பழைய பெயர் என்றால் ரம்மிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். அதனால் அண்ணனைப் பிடித்து ரெஜிஸ்ட்ரார் கணக்கில் மெயிலை மாற்றச் சொல். பணம் நான் கட்டிவிடுகிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம். எலி கணக்கில் எழுதிவிடாதே.

இன்னொன்று. நேற்று ஒரு பத்திரிகை மேட்டரை உன் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஸ்ரீ உடைகிறது. 2005-இல் யூனிகோடில் ஶ சேர்ந்ததிலிருந்து சில போன்கள் ஶ்ரீ என்று அதை வைத்துத்தான் அடிக்கின்றன. உனக்கு ஸகரம் போட்ட ஸ்ரீ மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஸ்ரீ இல்லாத கல்யாணப் பத்திரிகை உண்டா? பாவம், இத்தனை வருஷமும் கையாலேயே திருத்திக்கொண்டிருந்திருப்பார். ரெண்டையும் சேர்த்துத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு, சனிக்கிழமை ராத்திரி மாற்றும்போது கூடவே ஏற்றிவிடுகிறேன்.

உன்,
தவளை