பூவரசு வேலியை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

அரிவி வெட்டுக் காலம் வந்தால் வன்னியில் நெல்லுச் சுணை பட்டுக் கை, கழுத்தெல்லாம் அரித்துக் கடிக்கும், அதற்கு எங்கள் வீடுகளில் வேப்பிலை அவித்து ஆறவைத்த தண்ணீரில் குளிப்பதுதான் வழக்கம், சிரங்குக்குப் பூவரசங்காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலைப் பூசுவார்கள், பட்டையை அவித்த நீரில் கழுவுவதும் உண்டு. இப்போது கிளிநொச்சிப் பக்கம் பூவரசு வேலியை வெட்டிவிட்டு மதில் கட்டுகிறார்கள். பிறகு பட்டைக்கு எங்கே போவது? தயவுசெய்து ஒன்றிரண்டு மரத்தையாவது விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெய் பூசுவது சரி, சின்னப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கவே வேண்டாம், அது ஆபத்து. இரவில் வீட்டில் எல்லோருக்கும் கடித்தால் அது சொறிச் சிரங்காக இருக்கலாம், ஒருவர் மட்டும் மருந்து பூசிப் பயனில்லை, குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாசகி,
கிளிநொச்சி